காதுல கேட்டது எக்ஸாம் ஹால்ல கைக்கு வருமா?

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் லீவு. வேற ஒரு முதலீடு பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க, டிராவல் டைம்ல காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு கிளாஸ் கேட்கிறாங்களே, அதுதான் விஷயம்.

எழுத வெச்சது ஒரு தம்பி. வரி விஷயமா எங்க ஆபீஸுக்கு வருவார். வயசு 26. ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், கையில வர்ற சம்பளம் 32,000 ரூபாய். கூடுவாஞ்சேரியில வீடு, நுங்கம்பாக்கத்துல ஆபீஸ். எலக்ட்ரிக் டிரெயின்ல போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வேலை பார்த்துக்கிட்டே சிஎம்ஏ இன்டர் படிக்கிறார். முதல் குரூப் எழுதி ரிசல்ட் வந்த மறுநாள் வந்திருந்தார். முகமே சரியில்ல.

"மேடம், அஞ்சு மாசம் ஒரு நாள் விடாம டிரெயின்ல கேட்டேன். டபுள் ஸ்பீடுல வெச்சு மொத்த லெக்சரையும் ரெண்டு தடவை முடிச்சேன். எப்படி மேடம் போச்சு?"

மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். லா பேப்பர்ல 61. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் 42. டாக்ஸேஷன் 47. காஸ்ட் அக்கவுண்டிங் 33. ஒவ்வொரு பேப்பர்லயும் குறைஞ்சது 40 வேணும், குரூப் மொத்தத்துல 50 சதவீதம் வேணும். இவருக்கு மொத்தம் 183, தேவை 200.

எனக்கு அந்த ஷீட்டைப் பார்த்ததும் பதில் தெரிஞ்சுடுச்சு. காதால படிக்கக்கூடிய பேப்பர்ல 61. கையால படிக்க வேண்டிய பேப்பர்ல 33. அவர் சோம்பேறி இல்லை. தப்பான பேப்பருக்குத் தப்பான உறுப்பை நம்பிட்டார், அவ்வளவுதான்.

இதை நான் மேலே உட்கார்ந்து சொல்லலை. ஆர்டிகிள்ஷிப் பண்ணப்போ நானும் இதே தப்பைப் பண்ணி ஒரு அட்டெம்ப்ட் போனவதான். பஸ்ல கன்சாலிடேஷன் லெக்சர் கேட்பேன். ஆசிரியர் குட்வில் கணக்குப் போடும்போது தலையை ஆட்டிக்கிட்டே "ஆமா, புரியுது" னு இருப்பேன். ஹால்ல கேள்வித்தாளைப் பார்த்தப்போ முதல் ஒர்க்கிங் நோட்டை எங்கே ஆரம்பிக்கணும்னே தெரியல. அவர் போட்ட கணக்கு அது, நான் போட்டது இல்லையே!

மோட்டிவேஷன் வீடியோல ஒரு கணக்கு சொல்வாங்க, பார்த்திருப்பீங்க. தினம் 2 மணி நேரம் டிராவல், மாசம் 22 வேலை நாள், மொத்தம் 44 மணி நேரம். வருஷத்துக்கு 528 மணி நேரம். "இவ்வளவையும் ரீல்ஸ்ல வீணாக்குறீங்களே" னு முடிப்பாங்க. பெருக்கல் சரிதான். ஆனா கேட்ட நேரத்தை எல்லாம் படிச்ச நேரம்னு வரவு வெக்குறாங்க பாருங்க, அங்கதான் ஓட்டை.

அந்தத் தம்பிக்கு அவர் பாடத்துலயே இருக்கிற ஒரு விஷயத்தை வெச்சு விளக்கினேன். பிராசஸ் காஸ்டிங்ல நார்மல் லாஸ்னு ஒண்ணு வரும். 1,000 கிலோ உள்ளே போட்டா 1,000 கிலோ வெளியே வராது. ஆவியாகும், சிந்தும், ஒட்டிக்கும். வெளியே வர்ற நல்ல சரக்கு மேலதான் மொத்தச் செலவும் ஏறும். கேட்டுப் படிக்கிறதும் அதே மாதிரிதான். தாம்பரத்துல கூட்டம் ஏறும்போது பத்து நிமிஷம் போகும். கிண்டியில ஒருத்தர் காலை மிதிச்சா அஞ்சு நிமிஷம் போகும். நடுவுல மேனேஜர் வாட்ஸ்அப்ல கூப்பிட்டா மிச்சமும் போகும். புத்தகமா இருந்தா விட்ட வரிக்குக் கண்ணு தானா திரும்பிப் போகும். ஆடியோ நமக்காக நிக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். டபுள் ஸ்பீடுல வெச்சா விட்டது கூட தெரியாது.

சிரிச்சார். "அப்போ எனக்கு அப்நார்மல் லாஸ் மேடம்" னார். ஜோக் அடிக்கிற அளவுக்கு கான்செப்ட் தெரியுது, கணக்கு மட்டும்தான் வரல. இதுதான் கேட்டுப் படிக்கிறதோட மொத்தப் பிரச்னையும்.

அப்போ இயர்போனைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். லா பேப்பர்ல 61 சும்மா வரல. என் கருத்து இதுதான்: ஒரு பாடத்தை முதல் தடவை கத்துக்க காதை நம்பாதீங்க. ஒரு தடவை உட்கார்ந்து படிச்சதை மறக்காம வெச்சுக்க காதை விட மலிவான கருவி இல்லை.

எது காதுக்கு ஏறும், எது ஏறாதுன்னு பிரிக்கிறது பெரிய வித்தை இல்லை. விடையை வாயால சொல்லிட முடியுமா? அப்போ கேட்கலாம். கோடு போட்டு, கட்டம் போட்டு, கூட்டிக் கழிச்சுதான் விடை வருமா? அப்போ டேபிள்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ல செக்‌ஷன் 14 ஃப்ரீ கன்சென்ட், 15 கோயர்ஷன், 16 அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ், 17 ஃப்ராடு, 18 மிஸ்ரெப்ரசென்டேஷன். வரிசையா பாட்டு மாதிரி இருக்கு, நாலு நாள் கேட்டா வாழ்க்கை முழுக்க மறக்காது. சிஏ படிக்கிறவங்களுக்கு ஆடிட்டிங் ஸ்டாண்டர்ட்ஸ் அப்படித்தான்: எஸ்ஏ 500 ஆடிட் எவிடென்ஸ், 505 எக்ஸ்டர்னல் கன்ஃபர்மேஷன், 570 கோயிங் கன்சர்ன். ஜிஎஸ்டியில இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுக்க என்னென்ன நிபந்தனை, இதுவும் கேட்கலாம்.

ஆனா ஈக்விவலன்ட் யூனிட்ஸ் ஸ்டேட்மென்ட்டை யாராவது வாயால சொல்லி நீங்க காதால கத்துக்க முடியுமா? கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்? பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவங்களுக்கு டேட்டா இன்டர்ப்ரடேஷன்? நீச்சல் கமென்ட்ரி கேட்டு நீச்சல் கத்துக்கிற கதைதான்.

சரி, கேட்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. 2006-ல ரோடிகர், கார்பிக்கி னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களை வெச்சு ஒரு சோதனை வெளியிட்டாங்க. ஒரு பகுதியைப் படிக்க வெச்சாங்க. அப்புறம் சிலரை அதையே திரும்பப் படிக்கச் சொன்னாங்க, சிலரைப் புத்தகத்தை மூடிட்டு நினைவுல இருக்கிறதை எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா, திரும்பப் படிச்சவங்க முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வெச்சா நிலைமை தலைகீழ். மூடிட்டு எழுதினவங்கதான் முன்னாடி. நமக்கு எக்ஸாம் அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்றது இல்லையே. லெக்சரை ரெண்டாவது தடவை ஓட விடுறது திரும்பப் படிக்கிற மாதிரிதான். அந்த நிமிஷம் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், அந்த நினைப்புதான் ஆபத்து.

அதனால லெக்சரை ஓட விடாம, கேள்வியை ஓட விடுங்க. நான் ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பண்ணது இதைத்தான். சும்மா பட்டன் போன்ல இருந்த ரெக்கார்டர்லதான் பண்ணேன். சனிக்கிழமை ஒரு சாப்டரை உட்கார்ந்து படிப்பேன். முடிச்சதும் அதுல இருந்து எட்டு, பத்து கேள்வி எழுதிக்குவேன். என் குரல்லயே ரெக்கார்ட் பண்ணுவேன். கேள்வி, அப்புறம் பத்து செகண்ட் மௌனம், அப்புறம் பதில். உதாரணத்துக்கு: "வாங்கின சப்ளையருக்கு எத்தனை நாளுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா எடுத்த ஐடிசியைத் திருப்பணும்?" பத்து செகண்ட் அமைதி. "இன்வாய்ஸ் தேதியிலேர்ந்து 180 நாள்." அந்தப் பத்து செகண்ட்ல மனசு பதிலைத் தேடும் பாருங்க, படிப்பு நடக்கிறது அங்கதான். பதில் தப்பாப் போனாலும் பரவாயில்லை. உடனே சரியான பதில் வருது, அந்தத் தப்பு மண்டையில ஒட்டிக்கும்.

தம்பிக்குச் சொன்னப்போ, "குரோம்பேட்டையில கேள்வி, பல்லாவரத்துல பதிலா மேடம்?" னு கேட்டார். அவ்வளவு இடைவெளி வேண்டாம்ப்பா, தூங்கிடுவே.

ஒரு ஃபைல் நாலு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. நீளமா இருந்தா நடுவுல விட்டுட்டுப் போயிடுவோம், அப்புறம் எங்கே விட்டோம்னு தேட சோம்பேறித்தனம். ஃபைலுக்குச் சாப்டர் பேரும் தேதியும் வெச்சுடுங்க. படிச்ச மறுநாள் ஒரு தடவை, மூணு நாள் கழிச்சு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கேளுங்க. ஒரே நாள்ல ஏழு தடவை கேட்கிறதை விட, இப்படி இடைவெளி விட்டுக் கேட்கிறது நிக்கும். 1885-லேயே ஜெர்மனியில எபிங்ஹாஸ் தன்னையே சோதிச்சுப் பார்த்து எழுதி வெச்ச விஷயம் இது, யூடியூப்காரங்க கண்டுபிடிச்சது இல்லை (நானும் யூடியூப்காரிதான், அது வேற).

பாடம் இங்கிலீஷ்ல இருந்தாலும் விளக்கத்தைத் தமிழ்ல பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. டெக்னிக்கல் வார்த்தை மட்டும் இங்கிலீஷ்ல, ஏன்னா பேப்பர்ல அதைத்தான் எழுதணும். தமிழ்ல சொல்ல வரலைன்னா அந்த இடம் உங்களுக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம். புத்தகத்தைத் திரும்ப எடுங்க.

ரெக்கார்ட் பண்ண நேரமே இல்லைங்கிறவங்களுக்கு டெக்ஸ்ட் டு ஸ்பீச் இருக்கு, காசு கேட்காது. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ், ஆக்ஸசபிலிட்டி போனா 'செலக்ட் டு ஸ்பீக்' இருக்கும். ஐபோன்ல 'ஸ்பீக் ஸ்கிரீன்'. கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசர்ல 'ரீட் அலவுட்' அழுத்தினா பிடிஎஃப்பைக் கூட வாசிக்கும். அதுல தமிழ்க் குரலும் இருக்கு, பேர் பல்லவி, வள்ளுவர். வள்ளுவர் நமக்கு ஜிஎஸ்டி சொல்லித் தர்ற காலம்! ஸ்கேன் பண்ண பிடிஎஃப் பல நேரம் வாசிக்காது, ஏன்னா அது வெறும் போட்டோ. டேபிள் வந்தா எந்த எண் எந்தத் தலைப்புக்குன்னு தெரியாம குழப்பிடும். பத்தி பத்தியா எழுதின தியரிக்கு மட்டும் இதை வெச்சுக்கோங்க.

கூகுள் நோட்புக்எல்எம்ல உங்க நோட்ஸை ஏத்தினா ரெண்டு பேர் பேசிக்கிற பாட்காஸ்ட் மாதிரி ஆடியோ செஞ்சு கொடுக்குது. தூக்கம் வராம கேட்கலாம், ஒரு சாப்டரோட மொத்த வடிவம் பிடிபடும். ஆனா செக்‌ஷன் நம்பர், லிமிட், தேதி இதுக்கெல்லாம் ஏஐ குரலை நம்பி எக்ஸாமுக்குப் போகாதீங்க. சுவாரஸ்யமா பேசணும்னு நுணுக்கத்தை விட்டுடும், சில நேரம் தப்பாவும் சொல்லும். எங்க தொழில்ல நுணுக்கத்துக்குத்தான் மார்க், நுணுக்கத்துக்குத்தான் ஃபீஸ்.

பழைய ஆடியோ ஜாக்கிரதை

வரி படிக்கிறவங்களுக்கு இதைத் தனியா சொல்லியே ஆகணும். 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் போய், வருமான வரிச் சட்டம், 2025 வந்திருக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். செக்‌ஷன் எண்கள் மாறிடுச்சு. நம்ம எல்லாருக்கும் சொந்தக்காரங்க மாதிரி பழகின 80சி, புதுச் சட்டத்துல செக்‌ஷன் 123. பிரீவியஸ் இயர், அசெஸ்மென்ட் இயர்ங்கிற ரெட்டைக் குழப்பம் போய் 'டாக்ஸ் இயர்' னு ஒண்ணே ஒண்ணு. ஜிஎஸ்டியிலயும் 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 12, 28 சதவீத ஸ்லாபுல இருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18, 40 னு இடம் மாறிடுச்சு.

சீனியர் ஒருத்தர் பாசமா பென் டிரைவ்ல கொடுத்த லெக்சரை நீங்க மாசக்கணக்கா கேட்டு மனப்பாடம் பண்ணிட்டீங்கன்னு வைங்க. தப்பான எண்ணை ஆழமா பதிச்சு வெச்சிருப்பீங்க. புத்தகம்னா அட்டையில எடிஷன் தெரியும். ஆடியோ ஃபைலுக்கு அட்டை ஏது? உங்க அட்டெம்ப்ட்டுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரைக்கும் வந்த திருத்தம் பொருந்தும்னு இன்ஸ்டிடியூட் வெப்சைட்ல அறிவிப்பு போடுவாங்க. அதைப் பார்த்துட்டு அப்புறம் பிளே பட்டனை அழுத்துங்க.

காசு விஷயம்

இது ஃபைனான்ஸ் பிளாக், இதைப் பேசாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. தம்பி வாங்கின லிஸ்ட்டைக் கேட்டேன். லெக்சர் பேக்கேஜ் 24,000. நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் 18,000, அதுவும் இஎம்ஐ. ஆடியோ புக் ஆப் ஒண்ணு, நோட்ஸ் ஆப் ஒண்ணு, ரெண்டும் மாசாமாசம் யுபிஐ ஆட்டோபேல போயிட்டு இருக்கு. நோட்ஸ் ஆப்பை எப்போ கடைசியா திறந்தீங்கன்னு கேட்டேன். பதில் இல்லை.

லெக்சர் பேக்கேஜைக் குறை சொல்ல மாட்டேன். கான்செப்ட் புரிய ஒரு நல்ல ஆசிரியர் வேணும், அதை மேஜையில நோட்டோட உட்கார்ந்து பார்த்தா அந்த 24,000 வேலை செய்யும். இயர்பட்ஸ்தான் எனக்குக் கோபம். வயர் வெச்ச 500 ரூபாய் இயர்போன்ல கேட்டா செக்‌ஷன் 17 மாறிடப் போறது இல்லை. புதுசா ஒரு பொருள் வாங்கினதும் படிக்க ஆரம்பிச்சுட்ட மாதிரி ஒரு திருப்தி வரும் பாருங்க, அதுக்குத்தான் நாம இஎம்ஐ கட்டுறோம். ஆட்டோபேயைப் பொறுத்தவரை, காசு எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. வந்த மெசேஜை ஓடிபி குப்பையோட சேர்த்துத் தள்ளி விட்டுடுறோம். யுபிஐ ஆப்ல 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, போன மாசம் தொடாததை எல்லாம் கேன்சல் பண்ணுங்க.

நிஜமான செலவு வேற இடத்துல இருக்கு. இன்டர் முடிச்சா கம்பெனியில 8,000 ரூபாய் ஏத்தித் தர்றதா அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒரு அட்டெம்ப்ட் தள்ளிப் போனா ஆறு மாசம், 48,000 ரூபாய். அவர் வீட்டுல தங்கச்சி காலேஜ் ஃபீஸ் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்துச்சு. தப்பான முறையில கேட்ட 220 மணி நேரத்தோட விலை எனக்கு இந்த இடத்துலதான் தெரிஞ்சது.

அதுக்காக எல்லா நிமிஷத்தையும் காதுல ஊத்தி நிரப்பணும்னு நான் சொல்லலை. அவருக்குப் போட்டுக் கொடுத்த திட்டம் சின்னது. காலையில டிரெயின்ல முப்பது நிமிஷம் கேள்வி பதில். மிச்ச நேரம் பாட்டோ ஜன்னலோ, அவர் இஷ்டம். சாயங்கால டிரெயின்ல எதுவும் கிடையாது. நாள் முழுக்க டேலியைப் பார்த்துட்டு வர்ற மூளைக்கு அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்க விடணும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் நாப்பது நிமிஷம் காஸ்ட் அக்கவுண்டிங், ஒரு நாளைக்கு ரெண்டே கணக்கு, விடையைப் பார்க்காம, பேனாவால. சனி ஞாயிறுல புதுச் சாப்டர். மொத்தமா பார்த்தா அவர் முன்னாடி படிச்சதை விட மணிக்கணக்கு கம்மிதான். அவருக்கே அது பயமா இருந்துச்சு. "கம்மியா படிச்சா பாஸ் ஆயிடுவேனா?" னு ரெண்டு தடவை கேட்டார்.

ரெண்டு விஷயம் கண்டிப்பா. டூவீலர் ஓட்டும்போது காதுல எதுவும் வேண்டாம், ஒரு காதுல மட்டும்னு சமாதானமும் வேண்டாம். டிரெயின் சத்தத்துக்கு மேல கேட்கணும்னு வால்யூமை முழுசா ஏத்தாதீங்க. 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பான அளவு, சத்தம் கூடக் கூட இந்த நேரம் வேகமா குறையும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி முதல் ரெக்கார்டிங்கை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். ஃப்ராடுக்கும் மிஸ்ரெப்ரசென்டேஷனுக்கும் என்ன வித்தியாசம்னு கேள்வி. பத்து செகண்ட் மௌனத்துக்கு நடுவுல அவங்க அம்மா வீட்டுக் குக்கர் மூணு விசில் அடிக்குது, பின்னாடி "டேய், அடுப்பை அணைடா" னு ஒரு குரல். கீழே மெசேஜ்: "சாரி மேடம், திரும்ப எடுத்துடவா?"

அப்படியே வெச்சுக்கோங்கன்னு சொன்னேன். எக்ஸாம்ல அந்தக் கேள்வி வந்தா குக்கர் விசிலோட சேர்ந்தே பதிலும் வரும்.